சீன வினைக்கு விகுதி கிடையாது. அப்போ காலமும் எண்ணும் எங்கே போய் உட்காருகின்றன?

கோடுபோட்டநோட்டு:
மாண்டரின் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரே குஷி. ‘லாய்’ என்றால் வருவது. வோ லாய், நான் வருகிறேன். தா லாய், அவன் வருகிறான். அவள் என்றாலும் காதில் விழுவது அதே தா தான். வோமென் லாய், நாங்கள் வருகிறோம். நாளைக்கு என்று சொல்ல ‘மிங்தியென்’ சேர்த்தால் போதும், லாய் அசையாமல் நிற்கிறது. நாம் ‘வா’ என்ற ஒரு வேரை வைத்துக்கொண்டு வந்தேன், வருகிறாய், வருவார்கள், வந்தன என்று வெளியூர்க்காரரை என்ன பாடு படுத்துகிறோம்!

குஷி எல்லாம் ‘ல’ வரும்வரைதான். நான் பயன்படுத்தும் செயலி அதை இறந்தகாலக் குறி என்கிறது. ‘வோ மாய்ல இ பென் ஷூ’, நான் ஒரு புத்தகம் வாங்கினேன். சரி. ஆனால் இன்னொரு பாடத்தில் ‘மிங்தியென் வோ மாய்ல ஷூ ஜியூ லாய்’ என்று வருகிறது. நாளைக்குச் செய்யப்போகிற காரியத்துக்கு எதற்கு இறந்தகாலம்? அதே சமயம் ‘முன்பு பெய்ஜிங்கில் குடியிருந்தேன்’ என்பதற்கு ‘வோ இச்சியென் ஜூ ட்ஸாய் பெய்ஜிங்’ என்கிறார்கள், அதில் ல-வையே காணோம்.

தெரிந்தவர்கள் விளக்குங்கள். (உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் எழுத முடிகிறது, தொனிகளை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தை, காட்ட வழியில்லை.)

சிங்கைக்காற்று:
செயலி சொன்னதை மறந்துவிடுங்கள். ல என்பது காலக்குறி இல்லை. ஒரு காரியம் முடிந்ததா என்று மட்டும்தான் அது சொல்லும். நேற்று முடிந்ததா, நாளை முடியப்போகிறதா என்பது அதற்குக் கவலையில்லை. அதை ‘ட்ஸுவோதியென்’ (நேற்று), ‘மிங்தியென்’ (நாளை) மாதிரிச் சொற்கள் பார்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பேச்சின் சூழலே சொல்லிவிடும்.

உங்கள் நாளை வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நாளைக்குப் புத்தகம் வாங்கிட்டு வர்றேன்.’ அந்த ‘வாங்கிட்டு’ என்ன? வாங்கிவிட்டு. ‘வாங்கி’யை இலக்கணத்தில் இறந்தகால வினையெச்சம் என்றுதானே பள்ளியில் படித்தோம்? நாளைக்கு நடக்கப்போவதற்கு நாமும் இறந்தகால வடிவத்தைத்தான் போடுகிறோம், ஏனென்றால் வருவதற்கு முன் வாங்குவது முடிந்திருக்கும். ல செய்வதும் அதே வேலைதான். பெய்ஜிங்கில் குடியிருந்தது ஒரு நிலை. அதை முடித்துக் காட்டும் அவசியம் பேசுபவருக்கு இல்லாததால் ல வரவில்லை.

இன்னொன்று, வாக்கியக் கடைசியில் வரும் ல வேறு. ‘ஸியா யூ ல’ என்றால் மழை வந்துவிட்டது, அதாவது சற்றுமுன் இல்லை, இப்போது பெய்கிறது. நிலை மாறிவிட்டது என்ற செய்தி அது. நம் ‘ஆச்சு’க்கு ரொம்பப் பக்கம். இங்கே சிங்கப்பூர் ஆங்கிலத்தில் எதற்கெடுத்தாலும் கடைசியில் ‘ஆல்ரெடி’ ஒட்டிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சீன ல-வும் மலாய் ‘சுடா’வும் சேர்ந்து போட்ட வேஷம்.

கொடிக்கால்:
எல்லாம் சரி. ஆனாலும் வினை மாறாது, பெயர் மாறாது, வேற்றுமை உருபு கிடையாது என்றால் அது இலக்கணம் குறைந்த மொழிதானே? கல்லூரியில் மொழியியல் தாளில் படித்த ஞாபகம்: சொற்கள் எதுவும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும் தனிநிலை மொழி, வேரோடு விகுதிகள் வரிசையாக ஒட்டும் ஒட்டுநிலை மொழி, வேரும் விகுதியும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும் உட்பிணைப்பு மொழி என்று மூன்று படி. சீனம் முதல் படி, தமிழ் இரண்டாவது, சமஸ்கிருதம், லத்தீன் எல்லாம் மூன்றாவது. மொழிகள் அப்படித்தான் வளர்ந்தன என்று ஆசிரியர் சொன்னார்.

பழையபேனா:
தம்பி, அந்தப் படிக்கட்டு 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கட்டியது. ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகல் 1818இல் மொழிகளை இப்படி வகைப்படுத்தினார். பின்னால் வந்த ஷ்லைஹர் அதை வளர்ச்சிக் கதையாகவே ஆக்கினார். உச்சிப் படியில் யார் உட்கார்ந்தார்கள் என்று கவனித்தீர்களா? வகைப்படுத்தியவர்களின் சொந்த மொழிக் குடும்பம்! நம் பாடப்புத்தகங்கள் வகைகளின் பெயர்களோடு படிக்கட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டுவிட்டன. பெயர்கள் இன்றும் பயன்படும். படிக்கட்டைத் தூக்கிப் போடலாம்.

ஏன் என்றால், சீனம் முதல் படியில் காத்துக்கொண்டிருக்கும் மொழியே இல்லை. அது ஏற்கனவே எங்கோ போய்விட்டு வந்த மொழி. ஸ்வீடன் நாட்டு பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் 1920இல் ஒரு கட்டுரை எழுதினார். கன்ஃபூசியஸின் உரையாடல்கள் போன்ற பழைய நூல்களில் ‘நான்’ என்பதற்கு இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று பெரும்பாலும் எழுவாயாகவும் உடைமையாகவும் நிற்கிறது, மற்றது செயப்படுபொருள் இடத்தில் அதிகம் வருகிறது. இது வேற்றுமையின் எச்சம் என்றார் அவர். அந்த முடிவை அப்படியே ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் பழஞ்சீனத்தில் முன்னொட்டும் பின்னொட்டும் இருந்தன என்பது இன்று ஆய்வாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

தடயம் எங்கே தெரியுமா? தொனியில். ‘ஹாவ்’ மூன்றாம் தொனியில் நல்லது, நான்காம் தொனியில் விரும்புவது. எழுத்து ஒன்றே. இப்படிப் பல ஜோடிகள் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் சொல்லின் கடைசியில் ஒரு ‘ஸ்’ பின்னொட்டு இருந்தது, அது உதிர்ந்தபோது தொனியாகத் தங்கிவிட்டது என்பது விளக்கம். இதற்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு மொழியியலாளர் ஓட்ரிகூர், 1954இல். வியட்நாமிய மொழியின் தொனிகளும் உதிர்ந்த மெய்களிலிருந்துதான் பிறந்தன என்று அதே ஆண்டில் காட்டினார்.

சீனத்தின் சொந்தக்கார மொழிகளையும் பாருங்கள். சிச்சுவான் மாகாணத்தின் மேற்கு மலைகளில் பேசும் க்யல்ரோங் மொழிகள் சீன-திபெத்தியக் குடும்பம்தான். அங்கே வினைச்சொல் எழுவாய்க்கும் இணங்கும், செயப்படுபொருளுக்கும் இணங்கும். நம் வினைமுற்று அதன் பக்கத்தில் பரம சாது.

கோடுபோட்டநோட்டு:
ஐயா, அப்படியென்றால் ‘தனிநிலை’ என்பதை எதை வைத்து அளக்கிறார்கள்? மாண்டரினிலும் ‘ஹுவோ ச்ச’ என்று தீயையும் வண்டியையும் சேர்த்து ரயில் என்கிறார்களே, அது இரண்டு துண்டு ஒட்டிய சொல்தானே?

பழையபேனா:
நல்ல கேள்வி. மொழியியலாளர் ஜோசஃப் கிரீன்பர்க் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு எளிய கணக்குப் போட்டார். ஒரு பத்தியை எடு, அதில் எத்தனை உருபன்கள் (பொருள் தரும் மிகச் சிறிய துண்டுகள்) என்று எண்ணு, சொற்களின் எண்ணிக்கையால் வகு. வியட்நாமியத்துக்கு 1.06 வந்தது. ஆங்கிலம் 1.68, சமஸ்கிருதம் 2.59, எஸ்கிமோ மொழி 3.72. மொழிக்கு 100 சொல் அளவே மாதிரி எடுத்தார், அதனால் தசமத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க உதவும்.

நீங்கள் சொன்ன ரயில் போன்ற கூட்டுச்சொற்கள் இன்றைய மாண்டரினில் ஏராளம். ஆகவே கறாரான தனிநிலைக்கு வியட்நாமியமே நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் சொல்லைச் சேர்த்துப் புதுச் சொல் செய்வது ஒன்று, ஒரே சொல்லைக் காலத்துக்கும் இடத்துக்கும் வளைப்பது இன்னொன்று. மாண்டரினில் முதலாவது தாராளம், இரண்டாவது கிட்டத்தட்ட இல்லை.

கொடிக்கால்:
படிக்கட்டை விட்டுவிடுகிறேன். நடைமுறைக்கு வருவோம். வேற்றுமை உருபு இல்லாமல் யார் யாரைக் கடித்தார்கள் என்று எப்படித் தெரியும்? ‘நாயை மனிதன் கடித்தான்’, ‘மனிதன் நாயைக் கடித்தான்’, எப்படி மாற்றிப் போட்டாலும் நமக்குக் குழப்பமில்லை.

சிங்கைக்காற்று:
அவர்களுக்கு மாற்றிப் போடும் சுதந்திரம் அவ்வளவு இல்லை, அதுதான் அவர்கள் கொடுக்கும் விலை. ‘கோவ் யாவ் ரென்’ நாய் மனிதனைக் கடிக்கிறது. ‘ரென் யாவ் கோவ்’ மனிதன் நாயை. முன்னால் நிற்பவர் செய்பவர், பின்னால் நிற்பவர் பட்டவர்.

ஆனால் அதோடு முடிந்தது என்று நினைத்தால் முக்கியமானதைத் தவறவிடுவோம். சொல் வரிசை இன்னொரு வேலையும் செய்கிறது. ‘கரென் லாய்ல’, ‘லாய் கரென் ல’. இரண்டிலும் அதே மூன்று துண்டுகள்: விருந்தாளி, வருவது, ல. முதலாவது, நாம் எதிர்பார்த்துக்கொண்டிருந்த அந்த விருந்தாளி வந்துவிட்டார். இரண்டாவது, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள், போய்க் கதவைத் திற. வினைக்கு முன்னால் நிற்பது இருவருக்கும் தெரிந்த ஆள், பின்னால் நிற்பது புது ஆள். ஆங்கிலக்காரர் தனிச்சொல் போட்டுக் காட்டுவதை இவர்கள் இடத்தை மாற்றியே காட்டிவிடுகிறார்கள். பேச்சில் யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை. என்னோடு வேலை செய்யும் சீனத் தோழியிடம் இந்த ஜோடியைச் சொன்னபோது, ‘ஆமாம், வேறு வேறுதான்’ என்றார். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஈரமண்:
நமக்கும் அது உண்டே! ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. ஐ போட்டால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம். போடாவிட்டால் ஏதோ ஒன்று. அவர்கள் இடத்தால் செய்வதை நாம் உருபைப் போட்டும் போடாமலும் செய்கிறோம்.

இந்த இழையைப் படிக்கப் படிக்க ஒன்று உறைக்கிறது. தமிழ் வினை எப்போதும் காலமும் இடமும் காட்டும் என்று பெருமையாகச் சொல்கிறோம். ‘வரவில்லை’யை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவள் வரவில்லை, மாடுகள் வரவில்லை. இடம் எங்கே? பால் எங்கே? எண் எங்கே? ‘நேற்று வரலை’ என்கிறோம், ‘நான் சினிமாவுக்கு வரலை, நீ போ’ என்றும் சொல்கிறோம். காலமும் போச்சு. எதிர்மறை என்று வந்தால் நம் வினை சீன வினை மாதிரி மொட்டையாக நிற்கிறது, யாரும் தடுமாறுவதில்லை.

அப்புறம் வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய், மூன்றும். நன்னூல் இதற்குச் சொல்வது ‘காலம் கரந்த பெயரெச்சம்’. வெறும் வேர் பெயருக்கு முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான்.

கொடிக்கால்:
வினைத்தொகையை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பெயருக்கு முன்னால் மட்டும்தான் நிற்கும், வாக்கியத்தை முடிக்காது. ‘நான் ஊறு’ என்று யாரும் பேசுவதில்லை. தொகையை வைத்து தமிழைத் தனிநிலை ஆக்குவது வக்கீல் வாதம்.

‘வரவில்லை’ நல்ல உதாரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் பக்கத்திலேயே ‘வரமாட்டேன், வரமாட்டான்’ என்று விகுதியோடு நிற்கிறது.

ஈரமண்:
தமிழைத் தனிநிலை என்று நான் சொல்லவில்லையே. விகுதி இல்லாத இடத்தில் நாமே எப்படிச் சமாளிக்கிறோம் என்று பார்த்தால் சீனம் விநோதமாகத் தெரியாது என்கிறேன்.

சிங்கைக்காற்று:
கொடிக்கால் சொன்ன அந்த ஜோடி சீனத்திலும் உண்டு. ‘பு லாய்’ வரமாட்டேன், வருவதில்லை. ‘மெய் லாய்’ வரவில்லை. எதிர்மறைக்கு இரண்டு சொல் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துவிட்டார்கள். ‘மெய்’ வந்தால் முடிவைக் காட்டும் ல காணாமல் போய்விடும். நடக்கவேயில்லை என்றால் முடிந்ததா என்ற கேள்வி ஏது?

மேகாங்கரை:
நான் ஹோ சி மின் நகரில் வேலை பார்க்கிறேன். வியட்நாமியம் சொந்த முயற்சியில் கற்றது, ஆகவே சந்தைத் தமிழ் மாதிரி சந்தை வியட்நாமியம்.

இங்கே காலம் காட்ட ‘தா’ (நடந்தது), ‘தாங்’ (நடந்துகொண்டிருக்கிறது), ‘ஸெ’ (நடக்கும்) என்று வினைக்கு முன்னால் தனிச்சொற்கள் இருக்கின்றன. பாடப்புத்தகம் பார்த்தால் எல்லா வாக்கியத்திலும் வரும் என்று தோன்றும். நிஜப் பேச்சில், நேற்று என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் ‘தா’வைத் தேடவேண்டியதுதான். தெரிந்த விஷயத்தை எதற்குத் திரும்பச் சொல்வானேன் என்ற கணக்கு.

சாப்பாட்டு விசாரிப்பு நம்மைப் போலவே. ‘ஆன் அன் கொம் ச்சூஅ?’ அண்ணன், சாப்பிடு, சோறு, இன்னும்-இல்லையா. பதில் ஒரே சொல்: ‘ரோய்’ என்றால் ஆச்சு, ‘ச்சூஅ’ என்றால் இன்னும் இல்லை. ஆமாம், இல்லை என்று பதில் சொன்னால் சிரிப்பார்கள்.

மரியாதை எங்கே என்றால், வினையில் துளியும் இல்லை. நாம் வா, வாங்க என்று வினையிலும் காட்டுகிறோம். இவர்கள் மொத்தத்தையும் உறவுமுறைச் சொற்களில் ஏற்றிவிட்டார்கள். நம்மைவிடக் கொஞ்சம் மூத்த ஆணுக்கு ஆன், மூத்த பெண்ணுக்கு ச்சி, இளையவருக்கு எம். தன்னையும் அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். எனக்கு இளைய சக ஊழியரிடம் நான் ‘ஆன்’, அவர் தன்னை ‘எம்’ என்பார். அதனால்தான் புதிதாக ஒருவரைப் பார்த்தவுடன் வயசு கேட்கிறார்கள். வம்பு இல்லை, வயது தெரியாமல் ‘நான்’ என்ற சொல்லே வராது.

எனக்கு மிகவும் பிடித்தது செயப்பாட்டுவினை. இரண்டு வகை. நல்லது நடந்தால் ‘தூஒக்’, கெட்டது நடந்தால் ‘பி’. பாராட்டு கிடைத்தால் தூஒக், அபராதம் விழுந்தால் பி. ஒரே சம்பவத்தை எந்தச் சொல் போட்டுச் சொல்கிறார் என்பதிலேயே அவர் மனசு தெரிந்துவிடும்.

பழையபேனா:
மேகாங்கரை, அருமை. அந்த ‘பி’ சீனத்திலிருந்து போன கடன். மாண்டரினில் ‘பெய்’. அதற்கும் வேதனைப்படுவது என்ற வாடை உண்டு, மொழிபெயர்ப்பு நடை பெருகியபின்தான் நல்ல செய்திக்கும் அது தாராளமாக வரத் தொடங்கியது. ‘தூஒக்’ என்பதற்கு அடிப்படைப் பொருள் பெறுவது.

இப்போது தமிழைப் பாருங்கள். தண்டிக்கப்பட்டார், பாராட்டப்பெற்றார். படு, பெறு! ‘படு’ இன்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது, ஆனால் நல்ல தமிழ் எழுதுகிறவர்கள் கௌரவத்துக்குப் ‘பெறு’ போடுவதை இன்றும் காணலாம். ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொள்ளாமலே தமிழும் வியட்நாமியமும் ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன. அனுபவிப்பது, பெறுவது என்ற வாழ்க்கை வினைகள் தேய்ந்துதான் இலக்கணச் சொல் ஆகின்றன. தேய்ந்து தனியாக நின்றால் தனிநிலை, ஒட்டிக்கொண்டால் ஒட்டுநிலை. ‘கத்தியைக் கொண்டு’, ‘அதைப் பற்றி’, ‘ஊரை நோக்கி’ எல்லாம் ஒரு காலத்தில் முழு வினைகள்தாம்.

கோடுபோட்டநோட்டு:
எனக்கு அடுத்த தலைவலி எண்ணுவது. மூன்று புத்தகம் என்று நேராகச் சொல்ல முடியாதாமே? ‘ஸான் பென் ஷூ’, நடுவில் ஒரு பென். மீனுக்கு ‘தியாவ்’, பூனைக்கு ‘ஜி’. பன்மை விகுதி வேண்டாம் என்று மிச்சப்படுத்தியதை இங்கே வட்டியோடு வாங்குகிறார்கள்.

மேகாங்கரை:
வியட்நாமியத்திலும் அப்படியே. உயிருள்ளதற்கு ‘கோன்’, பொருளுக்கு ‘காய்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். பூனை கோன், மேசை காய். நம்பிப் போனால் கத்திக்கும் ஆற்றுக்கும் சாலைக்கும் கோன் வரும். அசைவது, ஓடுவது என்று காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பாதிதான் திருப்தி.

ஈரமண்:
மனிதருக்கு மட்டும் நாம் போடுவோம்: மூணு பேர், நாலு பேர். மாட்டுக்கு ‘மூணு பேர்’ வராது.

பன்மை விஷயத்திலும் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். ‘பத்து மாம்பழம் கொடு’ என்றுதான் கடையில் கேட்கிறோம், கள் போடுவதில்லை. ‘மாடு மேய்ந்தது’, ‘மாடு மேய்ந்தன’ இரண்டும் செல்லும் என்பதால்தான் ஒருமை, பன்மை இரண்டுக்கும் பொதுவான பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒன்றையே வைத்தார்கள்.

சிங்கைக்காற்று:
சீனத்திலும் ‘மென்’ என்ற பன்மை ஒட்டு உண்டு, மனிதர்களுக்குத்தான் பெரும்பாலும். எண்ணிக்கை சொன்னால் அது வரக்கூடாது. மூன்று என்று சொன்ன பிறகு பன்மை எதற்கு?

நோட்டு, நீங்கள் இன்னும் ‘குவோ’வைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. ‘வோ லாய்ல’ என்றால் வந்துவிட்டேன், இதோ நிற்கிறேன். ‘வோ லாய்குவோ’ என்றால் முன்பு எப்போதோ வந்திருக்கிறேன், இந்த இடம் எனக்குத் தெரியும். தமிழில் ‘வந்திருக்கேன்’ இரண்டுக்கும் பொது. ‘உங்க ஊருக்கு வந்திருக்கேன்’ என்று போனில் சொன்னால், இப்போது இங்கேதான் இருக்கிறாயா என்று கேட்டாக வேண்டும். இலக்கணம் குறைந்த மொழி என்று சொன்ன கொடிக்காலுக்காக இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். :)

கொடிக்கால்:
குறித்துக்கொண்டேன். விடாமல் அடிக்கிறீர்கள்.

கோடுபோட்டநோட்டு:
கடைசியாக ஒன்று. ‘பா’ எதற்கு? செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் என்று படித்தேன். பா வந்தால் முன்னால் தாவிவிடுகிறது. இது நம் ‘ஐ’ மாதிரியா?

சிங்கைக்காற்று:
பாதி அப்படித்தான். பா முன்பு பிடிப்பது என்ற வினை, சீனாவின் தாங் அரசர்கள் காலத்தில் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) இப்படித் தேயத் தொடங்கியது. ‘புத்தகத்தைப் பிடித்து இன்னது செய்தேன்’ என்பதுதான் அதன் எலும்பு. ஆகவே இரண்டு நிபந்தனை. பொருள் ஏற்கனவே தெரிந்ததாக இருக்க வேண்டும், ‘புத்தகத்தை’ மாதிரி. அந்தப் பொருளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘வோ பா ஷூ கான்’ என்று நிறுத்தினால் கேட்பவர் மீதிக்குக் காத்திருப்பார். ‘வோ பா ஷூ கான்வான் ல’, புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன், இப்போது சரி. நம் ‘ஐ’க்கு இந்த இரண்டாவது நிபந்தனை இல்லை. ‘அவளைப் பார்த்தேன்’ என்று நாம் சும்மா சொல்லலாம். பார்த்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அங்கே பா நுழையாது.

ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள், பார்க்கிறேன்.

கோடுபோட்டநோட்டு:
வோ பா ஷூ மாய் ல.

சிங்கைக்காற்று:
அமைப்பு சரி. ஆனால் எந்த மாய்? மூன்றாம் தொனி என்றால் புத்தகத்தை வாங்கிவிட்டீர்கள். நான்காம் தொனி என்றால் விற்றுவிட்டீர்கள்.

கோடுபோட்டநோட்டு:
நான்காவது. கல்லூரி மொழியியல் புத்தகம். மூன்று படி போட்டிருந்தது.